சேறு பூசிய குளம்பு

காட்டோடையின் அக்கரையில் ஓர் உப்புமண் மேடு இருந்தது. மழை விட்ட காலைகளில் காட்டெருமைகளும் பன்றிகளும் மான்களும் அங்கே கூடி மண்ணை நக்கும். நல்ல புல்லும் அந்தப் பக்கம்தான்.

ஒருநாள் இக்கரையில் ஒரு தாய்மான் தன் குட்டியின் குளம்பில் சேற்றை அப்பிக்கொண்டிருந்தது. குளம்பின் இடுக்கில் கொப்புளங்கள். வாயிலும் இரண்டு.

"எரிகிறது, அம்மா!"

"பொறுத்துக்கொள். யார் கேட்டாலும் முள் குத்தியது என்று சொல்."

கிளையிலிருந்த மைனா குனிந்து பார்த்தது. "முள்ளா? இது ஒட்டுகிற நோய்! இதை வைத்துக்கொண்டா மேட்டுக்குப் போகிறாய்?"

"போன வருடம் எங்களுக்கு இருமல் வந்தது. நானே மேட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன். உடனே ஓடையைத் தாண்டக் கூடாது என்று மறித்துவிட்டார்கள். பசியில் என் மூத்த குட்டி செத்தது. இதையும் சாகக் கொடுக்கச் சொல்கிறாயா?"



அப்போது அக்கரையிலிருந்து ஓர் எருமைக்கன்று குட்டியைப் பார்த்துவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. வந்தால் முதலில் முகத்தை நக்கும். அது அதன் வழக்கம்.

தாய்மானுக்குச் செத்துப்போன மூத்த குட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தக் கன்றுக்கும் அப்படி ஆகக் கூடாது.

"வராதே! திரும்பிப் போ! என் குட்டிக்கு நோய்!" என்று கத்திவிட்டது.

கன்று மிரண்டு நின்றது. தாயெருமை ஓடிவந்து அதைக் கரையேற்றியது.

"மறுபடியும் மான்களா? மறித்துவிடுங்கள்!" என்றது பன்றி.

"பன்றியாரே, போன வருட இருமல் உங்கள் புதரில்தான் முதலில் கேட்டது!" என்றது மைனா. "நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்!"

பன்றி தரையை முகர ஆரம்பித்தது.

 தாயெருமை மானைப் பார்த்துச் சொன்னது: "நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கன்று இந்நேரம் நோயை வாங்கியிருக்கும். அந்தக் கரையிலேயே இருங்கள், தங்கச்சி. நாங்கள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்குக் கீழே, ஓடை போகிற பக்கம் குடியுங்கள். தழையும் உப்பும் எங்கள் பொறுப்பு."

"உப்பை யார் தோண்டுவது?" என்றது பன்றி.

"இவ்வளவு பெரிய மூக்கு வேறு யாருக்கு இருக்கிறது?" என்றது எருமை.

தினமும் எருமைகள் கிளைகளை முறித்து வீசின. பன்றி உப்புமண் கட்டிகளை மூக்கால் தூக்கி எறிந்தது. பாதி ஓடையில் விழுந்தது. மீதி போதுமானதாக இருந்தது.

கொப்புளங்கள் காய்ந்தன. குட்டி நொண்டாமல் துள்ளியது. அக்கரையில் யாருக்கும் நோய் வரவில்லை. பல நாட்களுக்குப் பிறகு தாய்மான் காலை மடக்கிப் படுத்து, நிம்மதியாக அசைபோட்டது.

அடுத்த மழைக்குப் பிறகு பன்றி மூச்சிரைக்க ஓடிவந்து தூரத்திலேயே நின்றது.

"கிட்டே வராதீர்கள்! என் குட்டிகளுக்குச் சொறி! நானேதான் முதலில் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்! சரி, எங்களுக்குக் கிழங்கு எங்கே?"

தாய்மான் சிரித்துக்கொண்டே குளம்பால் மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

நோயைச் சொல்ல வந்தவரைப் பட்டினி போடாத காட்டில்தான் நோய் சீக்கிரம் தெரியவரும்.