எறும்புத்தின்னி கேட்ட புற்று

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டில் வாழ்ந்த ஆள்காட்டிக் குருவிக்கு ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாது. சருகு அசைந்தால் எழும். நிழல் விழுந்தால் கத்தும். அடைகாக்கும்போதுகூட உட்காரும், எழும், நாலு பக்கமும் பார்க்கும், மறுபடி உட்காரும்.

அந்தக் கோடையில் அதன் தவிப்பு இன்னும் கூடிப்போயிற்று. ஆறு வறண்டு வெறும் மணலாகிவிட்டது. காட்டுக்குள் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர். மான்கள் குட்டிகளோடு அங்கேதான் வந்து குடிக்க வேண்டும். ஆள்காட்டியின் முட்டைகளும் அந்தச் சுனைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவில்தான் கிடந்தன. எதிர்க்கரையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று இருந்தது. அவை மணலில் கால் வைத்தால் போதும், ஆள்காட்டி கத்திவிடும், மான்கள் ஓடிவிடும். அதனால் இதுவரை ஒரு குட்டிகூடப் பறிபோகவில்லை.

அப்படியிருக்கும்போது ஒருநாள் எதிர்க்கரையிலிருந்து ஓர் எறும்புத்தின்னி வந்தது. இலைப் பொட்டலத்தில் காய்ந்த இலுப்பைப் பூ கொண்டுவந்து காட்டின் தலைவரான கரடி முன்னால் வைத்தது. சுனைக்கரையில் இருக்கும் புற்றைத் தனக்குக் கொடுத்தால் குடியிருந்துகொள்வதாகச் சொன்னது.

வெளியார் குடியேற அந்தக் காட்டில் தடை கிடையாது. முயல்கள் அப்படி வந்தவை, மயில்கள் அப்படி வந்தவை. ஏன், ஆள்காட்டியே வெளியிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. வருகிறவர் கரடியின் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கோரைப்பல் இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இல்லையென்றால் கேட்ட இடம் கிடைக்கும். இப்படி ஒரு கறாரான சோதனை வேறெந்தக் காட்டிலும் இல்லை என்று எல்லோருக்கும் ஏகப் பெருமை.

எறும்புத்தின்னி வாயைத் திறந்தது. கரடி குனிந்து பார்த்தது. கோரைப்பல் என்ன, ஒரு பல்கூட இல்லை.

"இவ்வளவு சுத்தமான வாயை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கரடி பூவைத் தின்ன ஆரம்பித்தது.

ஆள்காட்டி குறுக்கே பறந்து வந்தது. வந்தவர் யார், எதற்கு வந்தார், சுனைக்கரையில் அவருக்கு என்ன வேலை என்று படபடவென்று கேட்டது. காட்டுப்பன்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ வந்தபோது உன்னை யாராவது இப்படிக் குடைந்தோமா, அக்கா? அலகைத் திறந்து காட்டினாய், இடம் கொடுத்தோம். உனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?"

ஆள்காட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்றி சொன்னது உண்மைதானே? போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தது. ஆனால் மனம் உட்காரவில்லை. எழுந்தது. சுற்றிப் பார்த்தது. பக்கத்தில் அந்தப் புற்று நின்றது. காய்ந்து வெடித்த வெறும் மண். அதில் ஒரு கறையானாவது ஊர்ந்து அது பார்த்ததில்லை.

கறையான் இல்லாத புற்று எறும்புத்தின்னிக்கு எதற்கு? பாவம், தெரியாமல் கேட்டிருக்குமோ? அப்படியானால் சொல்லிவிடுவதுதான் முறை.

எறும்புத்தின்னி அதற்குள் புற்றடிக்கு வந்து நகத்தை ஊன்றிவிட்டது. கரடியும் பன்றியும் இடம் காட்டக் கூடவே வந்திருந்தன.

"ஐயா, இது செத்த புற்று" என்றது ஆள்காட்டி. "மேற்குச் சரிவில் ஒன்று இருக்கிறது. கறையான் பொங்கி வழிகிறது. மண்ணும் மெத்தென்று இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்களேன்."

கரடியின் முகம் கொஞ்சம் வாடியது. அந்த மேற்குச் சரிவுப் புற்றை அது தனக்கென்று வைத்திருந்தது. ஆனாலும் பூவின் ருசி நாக்கில் இருந்ததால் தாராளமாகத் தலையாட்டியது.

எறும்புத்தின்னியின் நீள நாக்கு தன்னையறியாமல் வெளியே வந்தது. சட்டென்று உள்ளே போயிற்று.

"வேண்டாம். இதுவே போதும்."

"கிழக்கே மூங்கிலடியில் இன்னொன்று. அதிலும் கறையான்தான்."

"வேண்டாம். எனக்கு இந்த இடம்தான் வேண்டும்."

ஆள்காட்டி இன்னும் கிட்டே வந்தது. "இங்கே சாப்பிட உங்களுக்கு ஒன்றுமில்லை. இங்கே இருப்பது தண்ணீர், அதைக் குடிக்க வருகிற மான்குட்டிகள். இந்த இடம் யாருக்கு வேண்டும், ஐயா?"

எறும்புத்தின்னி புற்றில் ஊன்றிய நகத்தை எடுத்தது. தலையை வயிற்றுக்குள் நுழைத்து, வாலைச் சுற்றி, பந்துபோல் சுருண்டுகொண்டது.

பன்றி சிரிப்பதை நிறுத்தியது. குடித்துக்கொண்டிருந்த பெண்மான் ஒன்று குட்டியை முட்டி முட்டிப் பின்னால் தள்ளியது. கரடியோ வாயில் இருந்த பூவை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றது. கடைசியில் துப்பிவிட்டது.

"மிச்சப் பூவையும் எடுத்துக்கொண்டு போ. இந்தப் புற்று கிடையாது" என்றது கரடி.

வெகுநேரம் கழித்துத்தான் எறும்புத்தின்னி நிமிர்ந்தது. மணலில் இறங்கி மெதுவாக நடந்தது. ஆள்காட்டி அதன் தலைக்குமேலேயே கூடப் பறந்தது. பாதி ஆற்றில் எறும்புத்தின்னி நின்றது. மேலே பார்க்காமலே பேசியது.

"உள்ளே அகலமாக வெட்டச் சொன்னார்கள். மான்கள் இல்லாத ராத்திரியில் வந்து ஒரு கூட்டமே ஒளிந்து படுத்திருக்கிற அளவுக்கு."

எதிர்க்கரைக் கோரைப்புல்லில் ஒரு சிவந்த காது நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கோரை முழுக்கச் செந்நாய்கள் எழுந்து நின்றன. ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. சுனைக்கரையில் ஒரு மான்குட்டிகூட மிச்சமில்லாமல் காட்டுக்குள் ஓடி மறைந்தது.

அன்று மாலையே கரடி அந்தப் புற்றைத் தன் கையாலேயே இடித்துத் தரைமட்டமாக்கியது.

மறுநாள் காலை மணலைத் தாண்டி ஒரு கீரிப்பிள்ளை வந்தது. கரடி அதன் வாயைப் பார்க்கக் குனிந்தது. கூரான கோரைப்பல் இருந்தது. வழக்கப்படி திருப்பி அனுப்பக் கரடி கையைத் தூக்கியபோது ஆள்காட்டி குறுக்கே வந்தது.

"எந்த இடம் வேண்டும், தம்பி?"

"எந்த இடமானாலும் சரி, அக்கா. அந்தக் கரையில் செந்நாய்த் தொல்லை தாங்கவில்லை. சுனையை விட்டு எவ்வளவு தூரம் போகச் சொன்னாலும் போகிறேன்."

கரடி ஆள்காட்டியைப் பார்த்தது. ஆள்காட்டி தன் முட்டைகளைப் பார்த்தது, கீரியின் பல்லைப் பார்த்தது, கொஞ்சநேரம் தவித்தது. பிறகு மேற்குச் சரிவைக் காட்டி, முன்னால் பறந்தது.

நீதி: இடம் கேட்டு வருபவரின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, அந்த இடம் எதற்கு, யாருக்கு என்று கேட்டறிந்து கொடு.