கோழி போனால் தோப்புக்கரணம்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊரில் சங்கிலி, மொக்கையன், பேச்சி என்று வேலை கிடைக்காத மூன்று இளவட்டங்கள். ஊரில் கோழி காணாமல் போனால் காவல்காரன் சூரப்பன் வேறு எங்கும் தேடமாட்டான், நேரே இவர்களை மந்தைக்கு இழுத்து வருவான், ஊர் கூடி நிற்கும், நாட்டாமை தீர்ப்புப்படி இவர்கள் ஆளுக்கு நூறு தோப்புக்கரணம் போடவேண்டும். முதல் கோழி போனது, நூறு. இரண்டாம் கோழி போனது, நூறு. மூன்றாம் கோழி போனபோது மொக்கையனுக்குக் காய்ச்சல், காய்ச்சலோடு நூறு. ஒன்றுகூட அவர்கள் எடுத்ததில்லை, தெரியுமா?

களையெடுக்க வருகிறோம் என்றால், களவாணிக்கு வேலை இல்லை என்றார்கள். ஆடு மேய்க்கிறோம் என்றால், கோழியே தங்கவில்லை ஆடு தங்குமா என்றார்கள். கிணறு தூர்வாருகிறோம் என்றால், தண்ணீரையும் தூக்கிப் போவீர்களா என்று சிரித்தார்கள்.

சங்கிலிக்கு மனசு விட்டுப்போனது. "தண்டனையெல்லாம் முடிஞ்சது. களவுதான் பாக்கி. அதையும் செஞ்சிருவோம்" என்றான்.

யார் வீட்டில் என்று பேச்சி கேட்டாள். ஊரைக் காவல்காரன் காக்கிறான், அவன் வீட்டை யார் காக்கிறார்கள் என்றான் மொக்கையன். சரிதானே?

சூரப்பன் சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ஊர்க்கோடியில் இருந்த அவன் வீட்டுக் கொல்லையில் மூன்று பேரும் சுவர் ஏறிக் குதித்தார்கள். அங்கே கோழி கவிழ்க்கும் கூடை, ஒரு பஞ்சாரம், அதைத் தூக்கினால் உள்ளே காணாமல் போன மூன்று கோழிகள், அதில் ஒன்று நொண்டிக்கோழி, அது குஞ்சும் பொரித்திருந்தது.

அறுத்துத் தின்போம் என்றான் சங்கிலி. ஓடிவிடுவோம் என்றாள் பேச்சி. மொக்கையனுக்குப் பொய் வராது, அவன் நொண்டிக்கோழியை இடுக்கிக்கொண்டு மந்தையைப் பார்த்து நடந்தான். அவனைத் தனியாக விட மனமில்லாமல் மற்ற இருவரும் ஆளுக்கொரு கோழியோடு பின்னால் போனார்கள்.

"சூரப்பன் வீட்டுக்குத் திருடத்தான் போனோம். அங்க இருந்ததெல்லாம் ஏற்கெனவே திருடினதா இருக்கு" என்றான் மொக்கையன்.

தாங்களே ஒளித்துவைத்துவிட்டு இப்போது கொண்டுவருகிறார்கள் என்று ஊர் சொன்னது. அப்போது தெருவில் கீச்கீச்சென்று பன்னிரண்டு குஞ்சுகள் தாயைத் தேடி ஓடிவந்தன, அவற்றின் பின்னால் சூரப்பன் பெண்டாட்டி, "ஐயோ, எங்க வீட்டுக் குஞ்சு" என்று ஓடிவந்தாள். மொக்கையன் கோழியை இறக்கிவிட்டான். பன்னிரண்டும் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

களவாணி யார் என்று ஊருக்குத் தெரிந்துபோனது.

பேச்சி நாட்டாமையைப் பார்த்து, "கோழி அவங்கவங்களுக்குப் போகட்டும் மாமா. எங்க தோப்புக்கரணத்தைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

நாட்டாமை யோசித்தார், தன் காதைத் தானே பிடித்தார், உட்கார்ந்து எழுந்தார். பிறகு ஊரே காதைப் பிடித்தது. பிள்ளைகள் எண்ணினார்கள்.

சந்தையிலிருந்து வந்த சூரப்பன் பார்த்தான். மழைக்கு வேண்டுதல் போல என்று மூட்டையை இறக்கிவிட்டு, முன்வரிசையில் நின்று பக்தியோடு போட ஆரம்பித்தான். முந்நூறில் ஊர் நிறுத்தியது. அவனும் நிறுத்தப் போனான்.

"உனக்கு மூணு பேர் கணக்கு. போடு" என்றார் நாட்டாமை.

மறுநாள் களையெடுக்க வரச்சொல்லி ஆள் வந்தது. கிணற்றுவேலைக்கு ஒத்துக்கொண்டோம், நாளைக்கு வருகிறோம் என்று சங்கிலி சொல்லியனுப்பினான். களவாணி என்று பத்துத் தடவை கூப்பிட்டால் நல்லவனும் சுவர் ஏறத்தான் பார்ப்பான், அதனால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கோழி கூட்டுக்கு, குஞ்சு இறக்கைக்கு, கதை உன் காதுக்கு.