ஆறாவது பொருள்

"நியாயமா மேடம் இது?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள் ஆய்வு மாணவி சங்கமித்ரா. கதவைத் தட்டவில்லை.

பேராசிரியர் வேதநாயகி நிமிர்ந்தார். "உட்காரு."

"நின்னே பேசுறேன். ரெண்டு வருஷம் அந்தப் பூஞ்சை நொதியோட மல்லுக்கட்டினது நான். அதைப் படிகமாக்கி, உருவத்தைப் படம் பிடிச்சது நான். ஜூன்ல சேர்ந்த ஜெசிந்தாவுக்குக் கட்டுரையில முதல் பெயரா?"

"உன் படத்துல நடுவுல ஒரு குழி இருந்ததே. அதுல என்ன இருந்தது?"

"தாமிரம் இருக்கணும். இல்ல."

அந்த நொதிக்கு ஒரே ஒரு தாமிர அணு போதும். அது குழியில் அமர்ந்தால், பக்கத்திலிருக்கும் இரண்டு அமினோ அமிலங்கள் தாமாகவே பிணைந்துகொள்ளும். நொதி சர்க்கரையை ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கும். சங்கமித்ராவின் நொதியில் உருவத்துக்கு ஒரு குறையும் இல்லை. வேலைதான் செய்யவில்லை. அதே நொதியைத் தயாரித்த ஜெசிந்தாவின் சோதனைக் குழாயில், நொதி வேலை செய்வதைக் காட்டும் பச்சை நிறம் முதல் தடவையே வந்துவிட்டது.

"அவ என்ன பெரிசா கண்டுபிடிச்சுட்டா? கரைசல்ல இ.டி.டி.ஏ. போடாம விட்டா. அவ்வளவுதானே!"

"நீ எதுக்குப் போட்டே?"

"புரதத்தைத் தின்கிற நொதிகளுக்கு உலோகம் கிடைக்கக் கூடாதுன்னு. இருக்கிற உலோகத்தையெல்லாம் அது பிடிச்சு வச்சுக்கும்." சொல்லும்போதே குரல் இறங்கியது. உடனே சமாளித்தாள். "சரி, என் தாமிரத்தையும் அதுதான் பிடிச்சிருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா அவ யோசிச்சா விட்டா? தெரியாம விட்டா. தெரியாம விட்டவளுக்கு முதல் பெயரா? நீங்களே சொல்லுங்க."

பேராசிரியர் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கரைசல் தயாரிக்கும் முறை. சங்கமித்ராவின் கையெழுத்து.

"ஜெசிந்தா சேர்ந்த வாரம் நீ எழுதிக் கொடுத்தது. எத்தனை பொருள் இருக்கு?"

"அஞ்சு."

"உன் நோட்டுல?"

"ஆறு."

"மறந்துட்டியா?"

சங்கமித்ரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இ.டி.டி.ஏ. இல்லாம அவ நொதி ரெண்டு நாள்ல கெட்டுப்போகும்னு நினைச்சேன்," என்றாள். "வந்த அன்னிக்கே அவளை எல்லார் முன்னாடியும் பாராட்டினீங்க. என்னை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்ல."

பேராசிரியர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வாதத்துல நீதான் ஜெயிச்சே. தெரியாம விட்டது அவ. தெரிஞ்சே விட்டது நீ. முதல் பெயர் உனக்குத்தான். இ.டி.டி.ஏ. ஏன் சேர்க்கலைன்னு கட்டுரையோட செய்முறைப் பகுதியில ஒரு வரி வேணும். நீயே எழுது."