சங்குப்பட்டினத்து அரசரின் தலைவலி

சங்குப்பட்டினத்து அரசர் கொற்றவேலுக்கு ஒரு மாதமாகத் தலைவலி. அரண்மனை வைத்தியர் ஆதிநம்பி என்னென்னவோ கொடுத்தும் அசையவில்லை. கடைசியில் அமைச்சர் தத்தன் ஓர் உருண்டை தந்தார். ஒரே கசப்பு. நாற்பது நாள் மாங்காய் ஊறுகாய் கூடாது என்று பத்தியமும் சொன்னார். வலி மூன்றே நாளில் போய்விட்டது.

அந்தச் சமயம் வணிக ஒப்பந்தம் செய்ய வந்த யவன தூதர் திமோனுக்கும் தலைவலி வந்தது. அதே உருண்டையைக் கொடுத்தார்கள். அவர் வலி அதற்குக் கேட்கவில்லை.

"இது மருந்தா? எங்கள் ஊரில் சிறுநீரைக் குப்பியில் வாங்கி வெயிலில் பார்க்காத வைத்தியரை நாங்கள் வைத்தியராகவே மதிப்பதில்லை. நாளை நான் கப்பல் ஏறுகிறேன்" என்றார் திமோன்.

தூதர் போனால் துறைமுகம் படுத்துவிடும். "தத்தரே, இன்றே குணப்படுத்தும். இல்லையென்றால் அமைச்சர் பதவி உமக்கில்லை" என்றார் அரசர்.

தத்தன் யவன வைத்தியர் போல நீண்ட அங்கி மாட்டிக்கொண்டு தூதரிடம் போனார். அவருடைய சிறுநீரைக் குப்பியில் வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பிறகு அதே உருண்டையைக் கொடுத்தார். மாலைக்குள் திமோன் எழுந்து உட்கார்ந்து வறுத்த மீன் கேட்டார்.

ஆதிநம்பிக்குப் பொறுக்கவில்லை. ஓர் உருண்டையை நக்கிப் பார்த்துவிட்டு அரசரிடம் ஓடினார்.

"அரசே, வெறும் அரிசி மாவு. கசப்புக்கு வேப்பிலைச் சாறு."

"உண்மையா தத்தரே?"

"உண்மைதான் அரசே. கசப்பும் பத்தியமும் இருந்தால்தான் நமக்கு அது மருந்து. தூதருக்கோ குப்பியைப் பார்த்துக் கொடுத்தால்தான் மருந்து. மாவு ஒன்றுதான். அதை மருந்தாக்குவது அவரவர் ஊர்."

அரசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மாவுக்காகவா ஊறுகாயை விட்டேன்? உண்மையைக் கேட்டதும் வலி திரும்பிவிட்டதே."

"தூதரிடமும் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினார் ஆதிநம்பி.

"நில்லும்" என்றார் அரசர். "தத்தரே, இதற்கு இப்போது என்ன வழி?"

"அதே உருண்டைதான் அரசே. பத்தியம்தான் மாறும். இனி வாயைக் கட்ட வேண்டும்."

அரசர் முகம் வாடியது. "மறுபடியும் ஊறுகாய் கிடையாதா?"

"நீங்கள் ஒரு ஜாடி சாப்பிடலாம் அரசே. வாயைக் கட்ட வேண்டியவர் வைத்தியர்."

அரசர் சிரித்த சிரிப்பில் தலைவலி போன இடம் தெரியவில்லை.