மூலையில் கட்டிய மலையன்

ஒரு காட்டை ஒட்டி, மூங்கில் வேலி போட்ட தோட்டம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. அந்தத் தோட்டத்தில் செவலை என்று ஒரு கோழி. அதற்குக் கண்ணில் படுவதெல்லாம் பயம். பருந்தின் நிழலுக்குப் பயம். காற்றில் விழும் பனையோலைக்குப் பயம்.

ஒரு நாள் தோட்டக்காரி பாவாத்தாள் ஒரு நாய்க்குட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். அது ராட்சத இனத்து நாய். பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பாதம் ஒவ்வொன்றும் ஆப்பம் மாதிரி இருந்தது.

"இவன் பேரு மலையன். குட்டியா இருக்கும்போதே எல்லாரோடயும் பழகட்டும்" என்று முற்றத்தில் இறக்கிவிட்டாள்.

மலையன் வாலை ஆட்டிக்கொண்டு நேரே செவலையின் குஞ்சுகளிடம் ஓடியது. மோந்து பார்க்கத்தான் ஓடியது.

"ஐயையோ! மிதிச்சுட்டான், மிதிச்சுட்டான்!" என்று செவலை ஊரைக் கூட்டியது.

"ஆமாக்கா, மிதிச்சுட்டான்" என்றது வெள்ளாடு. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவது அதன் வழக்கம்.

"இப்பவே இந்தப் பாதம். வளந்தா என் பிள்ளைங்க கூழுதான்!"

"ஆமாக்கா, கூழுதான்."

இரண்டும் போட்ட கூச்சலில் பாவாத்தாளுக்குக் காது அடைத்துப்போயிற்று. "சரி சரி, தொண்டை கிழியக் கத்தாதீங்க" என்று மலையனைக் கொண்டுபோய்த் தோட்டத்தின் கோடியில், வேலியோரம் சங்கிலியில் கட்டினாள். வேளாவேளைக்குச் சோறு வைத்தாள். மற்றபடி யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆறு மாதம் போயிற்று. பழைய குஞ்சுகள் வளர்ந்து தம் வழியே போயின. அடுத்த அடையில் செவலை ஏழு குஞ்சு பொரித்தது. மலையனோ கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

"கோடிப் பக்கம் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. அங்க மலையன் இருக்கான்" என்று செவலை குஞ்சுகளை மிரட்டி வைத்தது.

"அவரு என்னம்மா செய்வாரு?" என்று கேட்டது ஒரு குஞ்சு.

"என்ன செய்வான்னு எனக்கு என்னடி தெரியும்? அதான் போகக் கூடாதுங்கறேன்!"

ஒரு நாள் காலையில் பாவாத்தாள் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பினாள். "வீட்டைப் பாத்துக்கடா மலையா" என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போனாள்.

செவலை முதலில் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் தேறிக்கொண்டது.

"போகட்டும். இவன் உடம்பைப் பாத்தா நரி நாலு ஊருக்கு அப்பால நிக்கும். காவலுக்காவது ஆவான்."

"ஆமாக்கா, ஆவான்" என்றது வெள்ளாடு, தழையை மென்றுகொண்டே.

உச்சிவெயில் நேரம். வேலியில் ஒரு மூங்கில் விலகியது. நரி உள்ளே வந்தது. பதுங்கவில்லை, பாயவில்லை. சொந்த வீட்டுக்கு வருவதுபோல நடந்து வந்தது.

செவலை கத்தியது. "மலையா! நரி! விடாதே, கடி!"

மலையன் துள்ளி எழுந்தது. ஒரே பாய்ச்சலில் நரியிடம் போனது. போய், நரியின் முகத்தை நக்கியது! வாலை ஆட்டிய ஆட்டலில் முற்றமெல்லாம் புழுதி.

வெள்ளாட்டின் வாயிலிருந்த தழை கீழே விழுந்தது. ஆமாம் போடக்கூட அதற்குத் தோன்றவில்லை.

"என்ன செவலைக்கா, இப்படி முழிக்கிறீங்க?" என்று நரி பல்லைக் காட்டியது. "ஆறு மாசமா தினம் மத்தியானம் வேலிச் சந்துல உக்காந்து இவன்கிட்ட பேசிட்டுத்தானே போறேன்? பாவம், பேச்சுத்துணைக்கு இவனுக்கு வேற யாரு இருக்கா?"

சொன்ன வாயோடு பாய்ந்து ஒரு குஞ்சைக் கவ்வியது.

செவலைக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! இறக்கையை விரித்து நரியின் முகத்தில் பாய்ந்தது. கொத்தியது, பிறாண்டியது. நரி வலி தாங்காமல் முனகியது.

அடுத்த கணம் தரை அதிர ஓர் உறுமல். அப்பாடா, மலையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று செவலை திரும்பிப் பார்த்தது.

மலையன் உறுமியது நரியைப் பார்த்து அல்ல. செவலையைப் பார்த்து!

செவலை இரண்டடி பின்வாங்கியது. அந்த ஒரு கணம் போதும் நரிக்கு. குஞ்சோடு வேலிச் சந்தில் நுழைந்து காட்டுக்குள் மறைந்தது.

"அடப்பாவி!" என்று செவலை அலறியது. "என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போறான். நீ என்னைப் பாத்து உறுமுறியே!"

மலையன் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. பொய் சொல்லத் தெரியாத முகம்.

"அவரு என் கூட்டாளி. தினம் வருவாரு. அவரை நீங்க கொத்துனீங்க" என்றது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது.

"நீங்க யாரு?"

 

மறுநாள் பொழுது விடிந்ததும் செவலை குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மலையனிடம் போனது. பத்தடி தள்ளி நின்றது. மலையன் ஆவலாக எழுந்தது.

"உக்காரு. முதல்ல அங்கயே உக்காரு."

மலையன் உட்கார்ந்தது.

"நான் செவலை" என்றது கோழி. "இதுங்க என் பிள்ளைங்க. நல்லாப் பாத்துக்கோ. ஆறு பேரு."

நீதி: பயந்துபோய் நாம் பழகாமல் ஒதுக்கி வைத்தவரிடம், பழகக் கூடாதவர் போய்ப் பழகிக்கொள்வார்.