விசாரிச்சீரா?

"நான் கொடுத்த தீர்ப்பை நீங்க எப்படி நிறுத்தி வைக்கலாம், சாமி?"

கேட்டவர் ஆவுடைநாயகம். முன்சீப் வேலையை விட்டுவிட்டு மடத்துக்குச் சீடராக வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வேலையை விட்டாரே தவிர முன்சீப்பை விடவில்லை.

குரு முறைத்தார். "பேச்சியம்மா என்ன செஞ்சா?"

"அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடிட்டா. சோறு கருகிப் போச்சு. முந்நூறு பேர் பட்டினியாத் திரும்பினாங்க. பதினெட்டு வருஷம் இங்க சமைச்சவளா இருந்தா என்ன? இனி மடத்து வாசலை மிதிக்கக் கூடாதுன்னுட்டேன்."

"விசாரிச்சீரா?"

"முறையா விசாரிச்சேன். நாலு சாட்சி. நாலு பேரும் அவ ஓடினதைக் கண்ணால பார்த்திருக்காங்க."

"அவ என்ன சொன்னா?"

"அடுப்பை விட்டுப் போனியா, ஆமாவா இல்லையான்னு கேட்டேன். ஆமான்னா."

"அப்புறம்?"

"ஏதோ இழுத்தா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னேன். என்ன திமிர், சாமி! என் முன்னால கும்பிடக்கூட இல்லை. வலது கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நின்னா. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

குருவின் முகம் சிவந்தது.

"அவளை விசாரிச்சீரான்னு கேட்டேன்!"

"அவளைத்தான் விசாரிச்சேன்!" ஆவுடைநாயகமும் கத்தினார்.

தீர்ப்பு எழுதிய தாளை குரு அவர் மடியில் விட்டெறிந்தார்.

"போய் விசாரிச்சிட்டு வாரும். அதுவரைக்கும் என் முகத்துல முழிக்காதேயும்."

ஆவுடைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு சாட்சி போதாதாம்! அதே ஆத்திரத்தோடு அவள் வீடுவரை நடந்தார்.

பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள். முந்தானை விலகியது.

வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, உலைநீர் கொட்டி வெந்து கிடந்தது.

ஆவுடைநாயகம் அப்படியே நின்றார். கொண்டுவந்த கோபம் முழுக்க அவர் மேலேயே திரும்பியது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன சாமி?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல, பேச்சி. உன்னை விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மறுபடியுமா, சாமி? நான்தான் ஆமான்னு சொல்லிட்டேனே!"