அடைக்கலம் கேட்டவளுக்கு யானை போட்ட மாலை

மாதம் தவறாமல் மழை பெய்தும், மந்திரிகளுக்கு மட்டும் பொழுது போகாத நாடு ஒன்று இருந்தது. மஞ்சளூர் என்று பேர். வச்சிரபாகு மன்னர் அதை ஆண்டார்.

பக்கத்து நாட்டு ராஜா பொல்லாதவன். தன் மீசையைப் பார்த்துச் சிரித்தாள் என்று செம்பாயி என்ற உப்புக்காரியின் தலையை வெட்டச் சொல்லிவிட்டான். அவள் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்து, எல்லை தாண்டி ஓடிவந்து மஞ்சளூர் அரண்மனையில் விழுந்தாள். அந்த வெயிலில் பிள்ளைகள் ஒரு வாய்த் தண்ணீராவது குடித்தனவோ என்னவோ!

"அடைக்கலம் கேட்பவர்களை விசாரிக்க ஆறு மாதம் ஆகிறது மன்னா," என்றார் மந்திரி தண்டநாதர். "புதுச் சட்டம் எழுதி வந்திருக்கிறேன். பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுப்போம். வந்தவர் கழுத்தில் போட்டால் இங்கே இருக்கலாம். போடாவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பலாம். யானை லஞ்சம் வாங்காது. சாட்சி கேட்காது."

"வாய்தாவும் போடாது!" மன்னருக்குப் பிடித்துவிட்டது. "இந்தப் பெண்ணை வைத்தே பார்ப்போம். சரியாக வந்தால் நாளைக்கே தண்டோரா."

மந்திரி கட்டி வைத்திருந்தது அறுகம்புல் மாலை. யானை அதை வாயில் போடுமா, கழுத்தில் போடுமா? சபைப் புலவர் ஆதிமூலம் இதைக் கவனித்துவிட்டார்.

"மந்திரியாரே, என்ன மாலை என்று சட்டத்தில் இருக்கிறதா?"

"மாலை என்று இருக்கிறது. போதாதா?"

"தாராளமாகப் போதும்."

ஆதிமூலம் வேலியோரம் போனார். எருக்கம்பூவைப் பறித்து மாலையாகக் கட்டி, யானையிடம் நீட்டினார்.

யானை வாங்கியது. வாயருகே கொண்டுபோனது. கசப்பு! சீ என்று வீசியது. மாலை எதிரே நின்ற செம்பாயியின் கழுத்தில் போய் விழுந்தது.

"செல்லாது!" என்று குதித்தார் மந்திரி. "யானை போடவில்லை, எறிந்தது. சட்டமே இன்னும் வரவில்லை. இவளைத் திருப்பி அனுப்புங்கள்!"

"சரி ஐயா," என்றார் ஆதிமூலம். "புதுச் சட்டம் வராதவரைக்கும் பழைய வழக்கம்தானே? மன்னரின் பாட்டனார் யானை மாலை போட்டுத்தானே ராஜாவானார்? அவருக்கு மட்டும் கும்பிட்டா போட்டது? பட்டத்து யானையின் மாலை கழுத்தில் விழுந்தால் அவர் யார்?"

ஆதிமூலம் தடாலென்று செம்பாயியின் காலில் விழுந்தார். "மகாராணி வாழ்க!" எதற்கும் இருக்கட்டும் என்று யானைப்பாகனும் விழுந்தான்.

செம்பாயி பதறிப்போனாள். "ஐயோ சாமி, எனக்கெதுக்கு ராச்சியம்? பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்தினால் போதும்!"

"முதல் உத்தரவு வந்துவிட்டது. கொண்டு வாருங்கள் கஞ்சி!" என்றார் ஆதிமூலம்.

மன்னர் சிம்மாசனத்தின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவள் அகதி! அகதியேதான்! அடைக்கலம் கொடுத்தாயிற்று என்று எழுதும் மந்திரி! அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடும்!"

"அப்படியானால் இனி விசாரணையை யார் செய்வது, மன்னா?" என்று கேட்டார் மந்திரி.

"மனுஷர்களே விசாரிக்கட்டும். ஆறு மாதம் ஆனால் ஆகட்டும்!"

பிள்ளைகள் கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் மன்னருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி, "இந்தாரும் ஆதிமூலம், பரிசு!" என்று நீட்டினார்.

யானையும் துதிக்கையை நீட்டியது.

மன்னர் அவசர அவசரமாக மாலையைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

"பரிசு வீட்டுக்கு வந்து சேரும் ஐயா. முதலில் அந்த யானையை வெளியே கொண்டுபோகச் சொல்லும்!"